வந்துட்டேன்

லிஃப்ட் கதவு மூடும்போது நடுவில் கை இருந்தால் சென்சார் சொல்லும். அதைக் கேட்டுக் கதவை நிறுத்துவது நான் பார்க்கும் டிரைவர் புரோகிராமின் வேலை. சில சமயம் அது கேட்காமலே கதவை மூடிவிடும். எங்கே சொதப்புகிறது என்று பார்க்க, சென்சாரின் பதிலைப் படிக்கும் இடத்துக்கு முன்னால், திரையில் 'வந்துட்டேன்' என்று எழுதும் ஒரு வரியைச் சேர்த்தேன். பிழை காணாமல் போய்விட்டது. அந்த வார்த்தையை எழுதுகிற நேரத்துக்குள் சென்சார் பதில் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். "சார், இது சரியாகலை, ஒளிஞ்சிருக்கு. ஒரு வாரம் டைம் குடுங்க" என்றேன். "ஓடுதுல்ல? விடும்மா" என்றார் மேனேஜர் ஜெயசீலன். வெற்றி என்று கேக் வேறு வெட்டி, முதல் துண்டைத் தானே தின்றார். பிறகு ஒருநாள், "இதென்ன அசிங்கமா, வந்துட்டேன் போயிட்டேன்னு? கஸ்டமர் சிரிப்பான்" என்று அந்த வரியை அழித்தார். எனக்குத் தெரிந்து அவர் கை வைத்த ஒரே வரி அதுதான். "எடுத்தா திரும்ப வரும் சார்" என்றேன். "ஒரு வார்த்தையை அழிச்சா கதவு கெட்டுப்போகுமா? என்னத்தம்மா படிச்ச நீ?" அந்தப் புரோகிராமை எங்கள் ஆபீஸ் லிஃப்டிலேயே போடச் சொன்ன மேதையும் அவர்தான். இன்று மதியம் சாப்பிடப் போக நான் லிஃப்டில் ஏறினேன். கதவு மூட ஆரம்பித்தது. ஜெயசீலன் தொப்பை குலுங்க ஓடிவந்து, இடுக்கில் கையை நீட்டியபடி கத்தினார்: "இரும்மா, வந்துட்டேன்!" என் விரல் திறக்கும் பட்டன் பக்கத்தில்தான் இருந்தது.