முதல் நடை

"மாப்ளே, விருந்தாளிங்க வர்ற நேரமாச்சு. முற்றத்துல புல்லு முழங்கால் உயரம் நிக்குது. பேரன் எங்க நடப்பான்?" என்றார் மாமியார் ரைகான்.

இன்று, நடக்கத் தொடங்கிய என் மகனின் இரு கால்களையும் சேர்த்துக் கயிறு கட்டி, அதை அறுக்கும் விழா. அப்படி அறுத்துவிட்டால்தான் பிள்ளை இடறாமல் ஓடும் என்பது எங்கள் கஸாக் வழக்கம். அறுப்பதில் அத்தை பேர்போன கைராசிக்காரர்.

"நான் என்ன பண்ண அத்தை? இந்தப் புல்வெட்டி ரெண்டு இருமல் இருமிட்டுப் படுத்துக்குது. ஓட மாட்டேங்குது!"

அதில் கிடந்த போன வருஷத்துப் பெட்ரோலைக் கீழே கொட்டினேன். கார்புரேட்டரைக் கழற்றி, அடைத்திருந்த துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து மாட்டினேன். புதுப் பெட்ரோல் வாங்க ஓடினேன்.

திரும்பி வந்தபோது அத்தை புல்வெட்டியின் அருகில் பூரிப்போடு நின்றார்.

"ஊத்துங்க மாப்ளே. இனிமே நிக்காம ஓடும்!"

ஊற்றிவிட்டு, இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிற்றைத் தேடினேன். காணோம்.

"அத்தை, இதுல இருந்த கயிறு எங்க?"

அத்தையின் ஒரு கையில் கத்தரிக்கோல். மறு கையில் கைப்பிடியோடு தொங்கும் கயிறு.

"அதைக் கட்டிப் போட்டுட்டு ஓடல, ஓடலன்னா எப்படி மாப்ளே? அறுத்து விட்டுட்டேன்!"