காணாமல் போன டீசல்

பக்கத்துக் கிணற்றில் டீசல் மிதக்கிறது என்று புகார். சிவகாசி ரோட்டில் மூடிக் கிடந்த பெட்ரோல் பங்கில் டேங்குக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள், ஆய்வுக்கு வந்த பாண்டிச்செல்வி. பங்க் முதலாளி ஜெயபாண்டி அசரவே இல்லை.

"என் டேங்க்ல இருந்து ஒரு சொட்டு ஒழுகியிருக்காதும்மா. அடிச்சுச் சொல்லுவேன்!"

"டீசல் எப்பவாச்சும் குறைஞ்சிருக்காய்யா?"

"வாராவாரம் குறைஞ்சது. முத்துப்பாண்டின்னு ஒரு பய, பம்புல நின்னவன், திருடி வித்துட்டான். ஊர் பார்க்க அடிச்சு விரட்டுனேன். பட்டாசுக் கம்பெனிக்குப் போயிட்டான்."

"அவர் போன பெறகு குறையலையா?"

"குறைஞ்சது. அடுத்து வந்தவனும் களவாணிப் பயதான்!"

பாண்டிச்செல்வி ஒரு கை மண்ணை அள்ளி அவர் முகத்தருகே நீட்டினாள். டீசல் வாடை குப்பென்று அடித்தது.

"எங்கப்பா திருடுன டீசல் அம்புட்டும் இங்கனதான் இருக்குய்யா. எடுத்துக்கோங்க."