குயினியின் நாலாவது குட்டி

"பக்கெட்டுல தண்ணி ரொப்பி வெச்சிட்டேன். அந்தக் குட்டிய எடுத்துகினு வாடா, கஸ்பாரு."

சிலுவையம்மாள் தம்பியைப் பார்த்தாள். கஸ்பார் நகரவில்லை. கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, உள்ளங்கையளவு நாய்க்குட்டி ஒன்றை மார்போடு பிடித்திருந்தான். பக்கத்தில் குயினி மற்ற மூன்று குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடி மூச்சு வாங்கிக் கிடந்தது.

ராயபுரத்தில் புல்டாக் குட்டி வேண்டுமென்றால் இந்த வீட்டைத்தான் கை காட்டுவார்கள். கஸ்பாருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. யுத்தத்துக்கு முன்னால் ஒரு கப்பல்காரன் விட்டுப்போன ஜோடியில் ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். அந்த வம்சம் பெருந்தலை. பார்க்க ஜோராக இருக்கும். நாலடி நடந்தால் மூச்சு இளைக்கும், குட்டி போடும்போது தலை மாட்டிக்கொள்ளும். சுதந்திரம் வந்தபோது ஊருக்கு மூட்டை கட்டிய ஒரு துரை கொடுத்துவிட்டுப் போனது ஒல்லி வம்சம். அது ஓடும், தாவும். ஆனால் மூஞ்சியைப் பார்த்து யாரும் புல்டாக் என்று சொல்லமாட்டார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, தலையும் குறையாமல் மூச்சும் குறையாமல் குட்டி எடுப்பதில்தான் அக்கா தம்பியின் சாமர்த்தியம் இருந்தது.

எதை எதோடு சேர்க்கலாம் என்று எழுதிய நோட்டு சிலுவையம்மாளிடம் இருந்தது. அவள் வாய்க்குப் பயந்தோ என்னவோ, கஸ்பார் அதை மீறியதே கிடையாது. இந்த ஒரு முறைதான், ஒல்லி வம்சத்து ஆண் நாய் நோயில் செத்துப்போனதும் அவசரப்பட்டு, குயினியை டைகரோடு சேர்த்துவிட்டான்.

"அப்பவே தலபாடா அடிச்சிகினேன். டைகரு, குயினியோட ஆத்தா கூடப் பொறந்ததுடா. ஒரே ரத்தம். வேற ஆண் நாயி கெடைக்கிற வரிக்கும் பொறுடான்னா கேட்டியா? இப்போ பாரு, குட்டிக்கு வாய்க்குள்ள மேல் அண்ணம் பொளந்து வந்துகீது. ஊத்துற பாலெல்லாம் மூக்கால வருது."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா எடுத்துகினு வா. பட்டினி போட்டு சாவடிக்கிறதுக்கு இது தேவலாம். இதுக்கு முன்ன ரெண்டு இப்டி வந்துச்சே, நீதானே முக்கின? அப்போ கண்ணுல பொட்டுத் தண்ணி வரல உனுக்கு."

கஸ்பார் இங்க் ஃபில்லர் ஒன்றின் முனையில் சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு வெட்டி மாட்டியிருந்தான். கிண்ணத்துப் பாலை அதில் உறிஞ்சி, குட்டியின் வாயில் ஒரு சொட்டு விட்டான். குட்டி தும்மியது. பால் மூக்கு வழியாக வெளியே வந்தது. துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் ஒரு சொட்டு விட்டான்.

இரண்டு நாளாக இதே வேலை. துறைமுகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. கண் இரண்டும் சிவந்து, முகத்தில் தாடி முளைத்திருந்தது. சிலுவையம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடா பேஜாரு இது? அங்க உன் பொண்ணு புள்ள பெத்து ஆஸ்பத்திரில கெடக்குறா. மூணு நாளாச்சி. மொத நாளு போய் எட்டிப் பாத்துட்டு வந்த, அதோட சரி. உன் பொண்டாட்டியும் அங்கியே கெடக்குறா. நானு இந்த மூட்டுவலிய வெச்சிகினு ஆஸ்பத்திரி மாடிப்படி ஏற முடியாம வூட்ல குந்திகினு கீறேன். நீ போறதுக்கு இன்னா? பொட்டப்புள்ளன்னு மூஞ்சி சுளிக்கிறியா?"

"அப்டியெல்லாம் இல்லக்கா."

"பின்ன வால்டரு இன்னா நெனச்சிப்பான்? உன் பொண்டாட்டி கூடப் பொறந்தவனாச்சே, சொந்தம் வுட்டுப் போவக் கூடாதுன்னுதானே ஹில்டாவ அவனுக்கே கட்டிவெச்சேன்? தாய்மாமனுக்குக் குடுக்க பிஷப்பு கிட்ட அனுமதி வாங்க எத்தினி நட நடந்தேன்! நீ இன்னாடான்னா பேத்திய வுட்டுட்டு நாயி மூக்கத் தொடச்சிகினு கீற."

கஸ்பார் குட்டியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்தான்.

"சத்தம் போடாதக்கா. மல்லாத்திப் புடிச்சா மூக்குல ஏறுது. நிமித்திப் புடிச்சா பாதி எறங்குது. டியூபை எங்க வெக்கணும்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

குட்டியை நிமிர்த்தி உட்காரவைத்தான். இந்த முறை டியூபை நாக்கின் மேல் வைக்காமல் கன்னத்தின் உள்பக்கமாக நுழைத்து, ஒரே ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தான். குட்டியின் தொண்டை அசைந்தது. இன்னொரு சொட்டு. மறுபடியும் அசைந்தது. மூக்கு ஈரமாகவில்லை.

சிலுவையம்மாள் திட்டுவதை மறந்து குனிந்தாள். "எறங்குதா?"

"எறங்குதுக்கா."

கிண்ணத்தில் இருந்த பால் முழுவதும் அப்படியே உள்ளே போயிற்று. இரண்டு நாளில் முதல் முறையாக வயிறு நிறைந்த குட்டி, அவன் கையிலேயே தூங்கிப்போனது. கஸ்பார் அதைக் குயினியின் வயிற்றோடு சேர்த்துப் படுக்கவைத்தான். அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாய்க்குட்டிக்காக இவன் அழுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிலுவையம்மாள் நம்பியிருக்கமாட்டாள். தான் நிரப்பி வைத்த தண்ணீரை அவளே செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

அதற்குள் கஸ்பார் அடுப்பங்கரையில் வெந்நீர் வைத்து, முன்னமே கடையில் வாங்கி வைத்திருந்த புது ஃபில்லரையும் புது டியூபையும் அதில் கொதிக்கவிட்டிருந்தான். பிறகு அவற்றைச் சுத்தமான கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு சட்டையை மாட்டினான்.

"இன்னொண்ணு எதுக்குடா? மத்த மூணு குட்டியும் நல்லாத்தானே கீது?"

வாசல்வரை போனவன் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"பேத்திக்குக்கா. அதுக்கும் அண்ணம் பொளந்துதான் கீது."