இருபத்தாறு மணி நேரப் பயணம்

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் பல்செட் கழன்று சூப்பில் விழட்டும்.

கோபன்ஹேகன் விமான நிலையத்தில், பயணிகள் வெளியே வரும் கதவுக்கு எதிரே காகிதக் கொடியோடு நின்றிருந்தேன். எங்கள் ஊரில் யாரை வரவேற்கப் போனாலும் கையில் டென்மார்க் கொடி வேண்டும். வெறுங்கையோடு நின்றால் டாக்ஸி டிரைவர் என்று நினைத்துப் பெட்டியை நீட்டிவிடுவார்கள்.

பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. கையில் அதேபோல ஒரு கொடி. கண் அறிவிப்புப் பலகையை விட்டு நகரவில்லை. நான் அந்தப் பலகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பெரியவரே, வழக்கம்போலப் பால் இல்லாமத்தானே?" காப்பிக் கடைக்காரர் கோப்பையை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு அந்த அம்மாவிடம் கேட்டேன். "யாரு வர்றாங்க?"

"பையன். யெப்பே. பெர்த்லேருந்து."

"பதினாலாயிரம் கிலோமீட்டர்கூட வராதே. பக்கம்தான்."

முறைத்தார். "உங்களுக்கு?"

"மகள் சிக்னே. ஆக்லாந்து. பதினேழாயிரத்து ஐந்நூறு. இருபத்தாறு மணி நேரம். இன்னும் ரெண்டாயிரத்து ஐந்நூறு போனா பூமியோட மறுகோடி, அப்புறம் ஊருக்குத் திரும்பி வர்ற வழி. போன தடவை மேற்கே பறக்கப் பறக்க விடியவே இல்லையாம். மூணு தடவை தூங்கி எழுந்தா, அப்பவும் இருட்டு. கடைசியில பைலட்டே மைக்ல மன்னிப்புக் கேட்டாராம்."

சிரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுபோனது.

"இனிமே என் வாசலை மிதிக்காதேன்னு சொல்லி அனுப்பினேன். ஒன்பது வருஷம். அவங்கப்பா சாவுக்குக்கூட வரலை. இப்ப திடீர்னு வர்றேன்னு எழுதியிருக்கான். என்னைப் பார்த்ததும் வேற பக்கம் திரும்பிப் போயிட்டான்னா? வேண்டாம். நான் கிளம்பறேன்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நில்லுங்கம்மா. நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதே வாசல். அப்படியும் சிக்னே போன தடவை வரலையா?"

"அவளுக்குக் கோபம் இல்லையா?"

"அவ்வளவு மணி நேரம் சீட்ல கட்டிப்போட்டா கோபத்துக்கே கால் மரத்துப்போகும். இறங்கும்போது தூக்கம்தான் மிஞ்சும். வந்தா, கட்டிக்கிட்டா, சாப்பிட என்ன இருக்குன்னு கேட்டா. அவ்வளவுதான்."

"நிஜமாவா?"

"இந்த வயசுல பொய் சொல்லி நான் என்னத்தைக் கண்டேன்?"

கதவு திறந்தது. தாடிக்காரன் ஒருவன் வெளியே வந்தான். நின்றான். அந்த அம்மாவின் கையிலிருந்து கொடி நழுவித் தரையில் விழுந்தது.

அவன் தாயைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பிறகு நாலே எட்டில் வந்து, குனிந்து கொடியை எடுத்தான்.

"கொடி தரையில படக் கூடாதுன்னு சின்ன வயசுல எத்தனை அடி அடிச்சே! இப்ப நீயே போடறியேம்மா."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றதில் பின்னால் வந்தவர்களுக்கு வழியே இல்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

போகும்போது அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு! உங்க பொண்ணு?"

"உள்ளே பெட்டிக்காக நிக்கிறா. இதோ வந்துடுவா."

கையசைத்துவிட்டுப் போனார்கள். நான் கொடியைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

சிக்னே இத்தனை வருஷமாகக் குடியிருக்கும் வீடு அங்கிருந்து மெட்ரோவில் பதினாலு நிமிஷம்.