கறுவலுக்குப் பழகாத ஒரே ஆள்

"நாயைக் கொண்டுபோய் எங்கயாவது விடட்டாம்! எழுதி அனுப்பியிருக்கிறார் மனுசன்."

கதவுக்கு அடியால் தள்ளிவிடப்பட்டிருந்த கடிதத்தை ஆரணி கணவனிடம் நீட்டினாள்.

எழுதியவர் கனகசபாபதி. எதிர் வீட்டுக்காரர். வெள்ளவத்தையில் அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் கமிற்றிச் செயலாளரும் அவர்தான். லிப்ற் திறந்தாலே அவர்களுடைய நாய் கறுவல் குரைக்கிறானாம். ஒரு மாதத்துக்குள் சத்தம் அடங்காவிட்டால் நாய் வெளியேற வேண்டுமாம்.

"இரத்மலானையில தம்பி வீட்டில விடுவம்," என்றான் பிரசாந்.

எட்டு வயது மகள் யதுஷா கறுவலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். கறுவலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனும் சேர்ந்து ஊளையிட்டான்.

அடுத்த நாளே ஆரணி களுபோவிலைக்கு ஓடினாள், மிருக வைத்தியர் நிம்றாவிடம்.

"குரைச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் நிம்றா.

"'சத்தம் போடாத' எண்டு கத்துவம், டொக்டர்."

"அப்ப நீங்களும் சேந்து குரைக்கிறீங்கண்டு தான் அவன் நினைப்பான்." நிம்றா சிரித்தார். "அவன் குழப்படி இல்ல. வீட்டக் காவல் காக்கிறான். 'சரிடா, நான் பாத்துட்டன்'ண்டு சொல்லி அவன்ட பாயில இருத்துங்க. வாய மூடின உடன ஒரு துண்டு பிஸ்கற். பிறகு, வெளியாள் ஒருத்தர் ஒவ்வொரு நாளும் பெல் அடிச்சு உள்ள வரணும். அவன்ட கண்ணப் பாக்காம பத்து நிமிசம் சும்மா இருக்கணும்."

கொழும்பில் பத்து நிமிடம் சும்மா இருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஆரணி வந்த கையோடு எதிர்க் கதவைத் தட்டினாள். கோபத்தோடுதான் தட்டினாள்.

"முறைப்பாடு தந்த நீங்களே வந்து பழக்குங்கோ, அங்கிள்."

மறுப்பார் என்றுதான் நினைத்தாள்.

"ஓம், வாறன். எத்தினை மணிக்கு?" என்றார் கனகசபாபதி.

மாலை ஐந்துக்குப் பெல் அடித்தது. கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி அயன் பண்ணிய சேர்ட்டோடு நின்றார். கறுவல் வீடு அதிரக் குரைத்தான். "சரியடா, நான் பாத்திட்டன்" என்று ஆரணி அவனைப் பாயில் இருத்தி பிஸ்கற் கொடுத்தாள். கனகசபாபதி கதிரை நுனியில் இருந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த மனுசனை வெறுமனே இருத்தி வைக்க மனம் வராமல் ஆரணி தேத்தண்ணி ஊற்றினாள்.

பத்து நிமிடம், மூன்றாம் நாளே அரை மணித்தியாலமாகிவிட்டது. யதுஷாவிடம் வாய்ப்பாடு கேட்டார். குசினியில் தாளிக்கும் வாசம் வந்தால், "கத்தரிக்காயோ பிள்ளை?" என்றார். மனைவி அன்னபாக்கியம் மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதம் என்று கனடா போனவராம். "இப்ப பேத்தி நேர்சறிக்குப் போறாள்," என்று தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்.

"நாயைப் பழக்க வந்தாரோ, எங்களை விசாரிக்க வந்தாரோ?" அவர் போன பிறகு ஆரணி புறுபுறுத்தாள்.

மூன்றாம் கிழமை கறுவல் ஆளே மாறிவிட்டான். லிப்ற் திறந்தால் ஒரேயொரு உறுமல், அதோடு பாயில் போய்ப் படுத்துவிடுவான். காஸ் சிலிண்டர் தூக்கி வந்த றொபேட், "பல்லா தங் ஹொந்தாய், நோனா," நாய் இப்ப நல்லம் என்று சிங்களத்தில் அவனுக்கு நற்சான்றிதழே கொடுத்துவிட்டுப் போனார்.

கனகசபாபதிக்கு மட்டும் குரைத்தான். ஒவ்வொரு நாளும், சரியாக ஐந்து மணிக்கு.

"இவன் என்னோட மட்டும் ஒட்டுறானில்லை, பிள்ளை. இன்னும் பயிற்சி வேணும் போல," என்று சொல்லிக்கொண்டே வந்து கதிரையில் இருப்பார்.

கடிதத்தில் சொன்ன ஒரு மாதத் தவணை முடிய ஒரு நாள்தான் இருந்தது. யதுஷா காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஊருக்கெல்லாம் பழகிய நாய், முறைப்பாடு கொடுத்தவருக்கு மட்டும் ஏன் பழகவில்லை? ஆரணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஐந்து மணிக்கு முன்பே கதவிலுள்ள கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

எதிர்க் கதவு திறந்தது. கனகசபாபதி வந்தார். பெல் அடிக்கவில்லை. குனிந்து, குடை நுனியால் கதவின் அடியைச் சுரண்டினார். கறுவல் காதை நிமிர்த்தினான். ஆனாலும் பாயை விட்டு எழும்பவில்லை. அவர் இன்னும் பலமாகச் சுரண்டி, பூனை மாதிரிக் கத்தினார். அவ்வளவுதான், கறுவல் பாய்ந்து வந்து குரைத்தான். அதற்குப் பிறகுதான் பெல் அடித்தது.

ஆரணி கதவைப் பட்டென்று திறந்தாள்.

"வெக்கமா இல்லையோ, அங்கிள்? இவ்வளவு நாளும் எங்கட வீட்டில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு... ஒரு வாயில்லாச் சீவனைத் துரத்துறதுக்கு இப்பிடியும் செய்வியளோ?"

அவர் குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"துரத்தவோ? நீங்கள் கமிற்றி வட்ஸ்அப் குறூப்பைப் பாக்கிறேல்லையோ, பிள்ளை?"

தண்ணீர்ச் சண்டையும் பார்க்கிங் சண்டையும் தாங்காமல் எப்போதோ சத்தத்தை நிறுத்தி வைத்த குறூப். ஆரணி போனை எடுத்துத் தேடினாள். பத்து நாளுக்கு முந்திய செய்தி.

'எதிர் வீட்டு நாய் நன்றாகப் பழகிவிட்டது. எனது முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன். நாய் அங்கேயே இருக்கலாம். கனகசபாபதி, செயலாளர்.'

ஆரணிக்குக் கோபம் போய்விட்டது. குழப்பம்தான் மிஞ்சியது.

"அப்ப ஏன் அங்கிள் கதவைச் சுரண்டினனீங்கள்?"

கறுவல் வாலை ஆட்டிக்கொண்டு போய் அவருடைய காலடியில் படுத்தான். அவர் ஆரணியைப் பார்க்காமல் அவனைப் பார்த்தே சொன்னார்:

"இவன் எனக்கும் குரைக்காம விட்டிட்டான் எண்டால், பிறகு என்னத்தைச் சொல்லிக்கொண்டு, பிள்ளை, நான் இஞ்ச வாறது?"