மூணு கதவு பீரோ

"ஏனுங்க ஆசாரி, இத்தனை பெரிய பீரோ செய்யத் தெரியுது, வாசலை அளக்கத் தெரியாதுங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா பாவாத்தாள் போட்ட சத்தத்தில் கணபதி ஊரில் பட்டறை இருந்த சந்தே கூடிவிட்டது. எஸ்.டி.டி. பூத்தில் பேசிக்கொண்டிருந்த ஆள்கூடப் போனை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

ஆசாரி மாரப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. அவருடைய பட்டறை, ஒரு ஆட்டோவை நிறுத்தினால் நிறைந்துவிடும். எப்போதும் பலகைகளை உள்ளே இழைத்து, வெளியே சந்தில் போட்டுத்தான் பொருத்திப் பூட்டுவார். நேற்றுப் பார்த்துப் பேய்மழை! உள்ளேயே பூட்டிவிட்டார். இப்போது பீரோ வெளியே வரமாட்டேன் என்கிறது.

சாய்த்துப் பார்த்தார்கள். படுக்கவைத்துப் பார்த்தார்கள். ம்ஹூம்! உள்ளே திருப்பவே இடமில்லை.

"மாரப்பண்ணா, கழட்டி எடுத்துப்போடலாமுங்களா?" கெஞ்சினார் பெண்ணின் அப்பா நஞ்சப்பன்.

"பசை இறுகிப்போச்சுங்க. கழட்டுனா பலகை பிளந்துபோகும்."

"நல்லாருக்குது போங்க!" என்றாள் பாவாத்தாள். "நிச்சயத்தன்னிக்கே சொன்னனில்லீங்க சம்பந்தி? மூணு கதவு, ஆறடி அகலம், ஒரு அங்குலம் கொறையப்படாதுன்னு! சாயங்காலம் சீர்ல பீரோ வரலீன்னா, பொண்ணும் மண்டபத்துக்கு வர வேண்டாமுங்க. சொல்லிப்போட்டேன்!"

நஞ்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் பக்கத்துக் கடையிலிருந்து ரசாக் வந்தார். பட்டறைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர், பொல்லாத மனுஷன். சுவரில் ஒரு ஆணி அடித்தாலே ஊரைக் கூட்டுவார். பீரோவைப் பார்த்தார், நஞ்சப்பனைப் பார்த்தார். விறுவிறுவென்று போய்க் கடப்பாரையோடு திரும்பி வந்தார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க!"

"பாய்! உங்க செவுருங்க!" பதறினார் மாரப்பன்.

"செவுத்தை நாளைக்குக் கட்டிக்கலாம் மாரப்பா. கல்யாணத்தை நாளைக்கு வெச்சுக்க முடியுமா?"

அவ்வளவுதான். வாசல் நிலையைப் பெயர்த்தார்கள், செங்கல் பொலபொலவென்று விழுந்தது. ஒரே தூசி! "தூக்கு... இந்தப் பக்கம் ஒருத்தர் வாங்க... ஆங், அப்படித்தான்!" பூத்து ஆள், டெம்போ டிரைவர், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் தோள் கொடுத்தார்கள்.

பீரோ வெளியே வந்தது! விசில் பறந்தது. நஞ்சப்பன் ஓடிப்போய் ரசாக்கைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

பாலீஷ் தேய்ந்துவிடாமல் பீரோவுக்குப் போர்வை சுற்றிய மாரப்பனின் மனைவி பொன்னாத்தாள் பாவாத்தாளிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க அக்கா, உங்க ஊட்டு வாசல்ல நுழைஞ்சுருமுங்களா? இல்ல, அங்கியும் கடப்பாரை வேணுமுங்களா?"

"எங்க ஊட்டுக்குள்ள எப்படீங்க அம்மணி போகும்? எங்களுது குனிஞ்சு போற வாசலுங்க." பாவாத்தாள் முந்தானையால் பீரோவின் தூசியைத் துடைத்தாள். "ஊர்சனம் பாக்கோணுமின்னுதான் இத்தனை பெருசாக் கேட்டது. சீர் முடிஞ்சா மாட்டுக்கொட்டாயில போட்டுத் தவுட்டு மூட்டை வெச்சுக்கலாமுங்க."