வகுப்பு தூக்கம்

“அட்டெண்டன்ஸ் அம்பத்தெட்டு சதவீதம். எழுபத்தஞ்சு இல்லாம ஹால் டிக்கெட்ல கையெழுத்துப் போட முடியாது, புரிஞ்சுதா?” என்றார் தமிழ்த்துறைத் தலைவர் பகலவன். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சிவப்புப் பேனா வரிக்கு வரி எதையோ சுழித்துக்கொண்டே போனது.

எதிரே நின்ற மாணவி தேவிப்ரியா ஹால் டிக்கெட்டை அவர் முன்னால் மேசையில் வைத்தாள். இன்று மாலைக்குள் கையெழுத்து வாங்காவிட்டால் தேர்வு எழுத முடியாது. ‘ஒரு பரீட்ச போனாலும் படிப்பு அவ்ளோதான்’ என்று சொல்லித்தான் அவள் அப்பா கல்லூரி திறந்த முதல் நாள் மலைமேல் கரியாலூரில் பஸ் ஏற்றிவிட்டிருந்தார்.

“நான் லீவே போடல சார். மலையிலேர்ந்து வர்ற பஸ்ஸு டெய்லி லேட்டு. நான் வர்றதுக்குள்ள நீங்க பேரு கூப்ட்டு முடிச்சிடுறீங்க. கடைசி பெஞ்சுல உக்காந்துக்கினுதான் சார் இருப்பேன்.”

“எல்லாரும் இதேதான் சொல்றாங்க. உக்காந்திருந்ததுக்கு இன்னா அத்தாட்சி?”

அத்தாட்சி இருந்தது. அதுதான் பிரச்சினையே.

ஜூலையில் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அவள் ‘வகுப்பு தூக்கம்’ என்று ஒரு வலைப்பூ எழுதிவருகிறாள். தன் பெயர் போடவில்லை. அன்றன்று நடந்த வகுப்பு அன்றன்றே, தேதியோடு இருக்கும். கதாநாயகன் பகலவன் சார்தான்.

‘இன்று ஐயா நாற்பத்தொரு முறை புரிஞ்சுதா என்று கேட்டார். அவருக்காவது புரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.’ ‘இன்று ஐயா இலக்கணம் நடத்தினார். மின்விசிறிதான் முதலில் தூங்கியது.’

இத்தனைக்கும் வாசகர் ஒரே ஒருவர். ‘ஒற்றன்’ என்று உளவாளி மாதிரி ஒரு பெயரில் வருவார். எந்தப் பதிவுக்கும் ஒரே பின்னூட்டம்தான்: ‘நன்று. ஆனால் எழுத்தில் ஒன்று குறைகிறது.’

என்ன குறைகிறது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கிண்டல் போதவில்லையோ என்று கூட்டினாள். உணர்ச்சி போதவில்லையோ என்று மலையையும் மழையையும் அம்மாவையும் எழுதினாள். ஒற்றன் மசியவில்லை. அந்த ஒருவரும் வராமல் போய்விடுவாரோ என்ற பயத்திலேயே தினமும் எழுதினாள்.

“டைம் ஆவுது. கெளம்பும்மா,” என்றார் பகலவன்.

காட்டினால் கல்லூரியை விட்டே துரத்துவார். காட்டாவிட்டாலும் கல்லூரி இல்லை. போனைத் திறந்து மேசையில் வைத்தாள்.

“இதான் சார் அத்தாட்சி. எழுதுனது நான்தான். மன்னிச்சிடுங்க சார்.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். விரலால் தள்ளித் தள்ளி ஜூலை வரைக்கும் போனார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. நாளைக்கே மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்போம் என்று முடிவே கட்டிவிட்டாள்.

பகலவன் வருகைப் பதிவேட்டை இழுத்தார். போனில் தேதியைப் பார்ப்பதும் பதிவேட்டில் திருத்துவதுமாகப் பத்து நிமிடம் போனது. பிறகு ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். தேவிப்ரியா அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள்.

“இன்னிக்காவது அந்தத் தலைப்புல, ‘வகுப்பு’ பக்கத்துல ஒரு ‘த்’ போடும்மா,” என்றார், சிவப்புப் பேனாவை மூடிக்கொண்டே. “நாலு மாசமா ஒண்ணு குறையுது, குறையுதுன்னு சொல்லிக்கினே இருக்கேன்.”